15 பேர் கட்டிய பிரபஞ்சம்

இங்கிலாந்தின் கில்ஃபோர்டு நகரிலுள்ள ஹலோ கேம்ஸ் நிறுவனம் 2016 ஆகஸ்டில் ‘நோ மேன்ஸ் ஸ்கை’ என்ற வீடியோ கேமை வெளியிட்டபோது அங்கே இருந்தவர்கள் சுமார் 15 பேர். அந்த விளையாட்டில் உள்ள கோள்களோ 18,446,744,073,709,551,616. நொடிக்கு ஒன்றாக எட்டிப் பார்த்தாலும் முடிக்க 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நம் பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான். விளம்பரத்துக்காகச் சொன்ன எண் என்று இதை ஒதுக்கத் தேவையில்லை. ஆள்பலம் இல்லாத இடத்தில் கணிதம் எதுவரை கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்ற இரண்டுக்கும் இந்த விளையாட்டே நல்ல சான்று.

64 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் அந்த எண் வரும். ஒவ்வொரு கோளுக்கும் 64 பிட் நீளமுள்ள ஒரு விதை எண் உண்டு. அதைச் சூத்திரங்களில் இட்டால் மலையின் உயரம், கடலின் பரப்பு, விலங்கின் கால் நீளம் எல்லாம் கணக்கிட்டு வரும். இயற்கையான மேடுபள்ளங்களைக் கணக்கால் உருவாக்கும் இத்தகைய முறைகளுக்கு அடித்தளமிட்ட கென் பெர்லின், 1997இல் ஆஸ்கர் தொழில்நுட்ப விருது பெற்றார். கோள் எதுவும் வட்டில் சேமிக்கப்படுவதில்லை. விளையாடுபவர் நெருங்கும்போது உருவாகும், விலகியதும் நினைவகத்தை விட்டு நீங்கும். பெருக்கத் தெரிந்தவர் ஒவ்வொரு விடையையும் எழுதி வைத்திருக்க வேண்டியதில்லை அல்லவா? எப்போது பெருக்கினாலும் அதே விடைதான். எத்தனை முறை திரும்பிப் போனாலும் அதே கோள்தான்.

‘இப்படிப் பிறப்பவை எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கும்?’ என்பது முதல் ஆட்சேபம். அதில் நியாயம் உண்டு. 1984இல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இருவர் ‘எலைட்’ விளையாட்டை 32 கிலோபைட் நினைவகம் கொண்ட கணினிக்காக எழுதினார்கள். அவர்களின் சூத்திரத்தால் கோடிக்கணக்கான விண்மீன் மண்டலங்களைத் தர முடிந்தது. எல்லாம் கணக்கில் பிறந்தவை என்பது வெளிப்பட்டுவிடும் என்று வெளியீட்டாளர் தடுக்கவே, மண்டலத்துக்கு 256 விண்மீன்கள் வீதம் எட்டு மண்டலங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். எண்ணிக்கையை விதை எண் தரும். வேற்றுமையை விதிகள்தான் தரும். அந்த விதிகளை மனிதர்தான் எழுத வேண்டும், விளைவைச் சோதித்துத் திருத்தவும் வேண்டும். ஆகவே இந்த முறையில் உழைப்பு மிச்சமாவதில்லை, வரைவதிலிருந்து விதி வகுப்பதற்கு இடம் மாறுகிறது.

‘வெளியான அன்றே ஏமாற்றிய விளையாட்டாயிற்றே!’ என்பது இரண்டாவது ஆட்சேபம். அன்று இருவர் பேசி வைத்துக்கொண்டு ஒரே கோளில் ஒரே இடத்துக்குப் போனார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை. சூத்திரம் தோற்றிருந்தால் இருவரும் அந்த ஒரே கோளைக்கூட அடைந்திருக்க முடியாது. ஒரு மனிதர் இன்னொருவருக்குத் தெரிய வேண்டுமானால் விதை எண் போதாது, கணினிகளை இணைக்கும் தனி வேலை வேண்டும். அது அப்போது செய்யப்படவில்லை. செய்யப்பட்டதுபோல எதிர்பார்ப்பு மட்டும் வளர்ந்திருந்தது. முழுமையான கூட்டு விளையாட்டு 2018 ஜூலையில்தான் இலவச மேம்படுத்தலாக வந்தது. தொடர்ந்து மேம்படுத்தப்படும் விளையாட்டுகளுக்கான ‘தி கேம் அவார்ட்ஸ்’ விருது 2020இல் இதற்குக் கிடைத்தது. விளையாட்டை மீட்டது கோள்களின் எண்ணிக்கை அல்ல, நான்கு ஆண்டுகள் சேர்த்துக்கொண்டே போன விதிகளும் வசதிகளும்தான். சிறு குழுவுக்குக் கணிதம் பரப்பைத் தரும். அந்தப் பரப்பை நிரப்பும் உழைப்பைத் தராது.