திருப்பித் தர வேண்டியது 6,000. கைக்கு வருவது 1,500

ஆன்லைனில் சரக்கு விற்கும் தேனி மாவட்ட வியாபாரிகள் ரீஃபண்டு, பார்சல் இழப்பீடு பற்றி அறிய வேண்டியவை

போடிநாயக்கனூரிலிருந்து கொல்கத்தாவுக்கு இரண்டு கிலோ ஏலக்காய் கூரியரில் போகிறது. கிலோ 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சரக்கின் விலை 6,000. கூரியர் கட்டணம் 150. வழியில் பார்சல் தொலைந்துவிடுகிறது. வாங்கியவர் பணத்தைக் கேட்கிறார். கொடுத்துத்தான் ஆக வேண்டும். சரக்கின் மதிப்பை எழுதிக் கூடுதல் கட்டணம் கட்டாமல் அனுப்பியிருந்தால், கூரியர் நிறுவனத்தின் பொறுப்பு 1,500 ரூபாயோடு நின்றுவிடலாம். மிச்சம் 4,500 விற்றவர் தலையில் விழும்.

தேனி மாவட்டத்தில் இந்தக் கணக்கைப் போட வேண்டியவர்கள் பெருகிவருகிறார்கள். போடியில் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இருக்கிறது. ஆண்டிபட்டி சக்கம்பட்டியில் சேலை நெய்கிறார்கள். கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. மண்டியில் மூட்டையை இறக்கிவிட்டால் வழியில் நேரும் சேதம் பெரும்பாலும் மொத்த வியாபாரியின் கவலை. வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும், அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ வழியாகவும் நேரடியாக விற்கும்போது அந்தக் கவலை விற்பவருக்கே வந்துசேர்கிறது.

வாங்கியவருக்குப் பணம் தருவது சட்டம் சுமத்தும் கடமை. கூரியரிடமிருந்தோ இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்தோ பணம் வருவது, பார்சலை அனுப்பும் முன் நாம் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளைப் பொறுத்தது. இரண்டும் தாமாகச் சமன் ஆகிவிடும் என்று எண்ணுவதில்தான் பலருக்கு நட்டம் தொடங்குகிறது.

எப்போது ரீஃபண்டு மறுக்க முடியாது?

2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், தளத்தில் விற்கும் விற்பனையாளர் சரக்கைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பவோ மறுக்கக் கூடாத நேரங்களைச் சொல்கின்றன: சரக்கில் குறை இருந்தால், போலியாக இருந்தால், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டால், சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தால். மனித சக்திக்கு மீறிய காரணத்தால் தாமதம் ஏற்பட்டால் மட்டும் விலக்கு உண்டு.

ஏலக்காய் விற்பவர் கவனிக்க வேண்டியது ‘விளம்பரத்தில் சொன்ன தன்மை’ என்பதை. ‘8 மி.மீ., பச்சை நிறம்’ என்று படத்தோடு போட்டுவிட்டு, 7 மி.மீ. காய் கலந்தோ நிறம் வெளுத்தோ போனால், சரக்கு தரமானது என்ற வாதம் நிற்காது. எந்த அளவு, எந்த அறுவடை, எத்தனை கிராம், வெளிச்சம் பட்டால் நிறம் குறையும் என்பதையெல்லாம் விற்பனைப் பக்கத்திலேயே எழுதிவைப்பது பாதிச் சண்டையைத் தவிர்க்கும்.

விற்பனையாளருக்குக் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. தனியாளாக நடத்தும் கடையில் அது உரிமையாளராகவே இருக்கலாம். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூரியர்காரரின் முடிவு வரட்டும் என்று வாங்கியவரைக் காத்திருக்கச் சொல்வதற்கு இதில் இடமில்லை.

பணம் வந்த வழியிலேயே திருப்புவது பாதுகாப்பு. பேமென்ட் கேட்வே வழியாக வந்த பணத்தை, வாடிக்கையாளர் தனியாக ஒப்புக்கொண்டால் ஒழிய, அதே வழியில்தான் திருப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நெறிமுறை கூறுகிறது. ‘வேறு நம்பருக்கு ஜிபே பண்ணுங்கள்’ என்று கேட்பவரிடம் உஷாராக இருக்க வேண்டும். பணம் கட்டியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், பணம் கணக்கில் விழுந்ததா என்று பார்த்த பிறகே ரீஃபண்டு பேச்சு. ஏமாந்தால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும்.

கூரியர் எவ்வளவு பொறுப்பு?

2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் லாரி நிறுவனங்களோடு கூரியர் நிறுவனங்களையும் சேர்த்தே வரையறுக்கிறது. சரக்கு தொலைந்தாலோ சேதமானாலோ அவர்களின் கவனக்குறைவை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. இது நமக்குச் சாதகம். ஆனால் 2011-ஆம் ஆண்டு விதிகள் அந்தப் பொறுப்புக்கு உச்சவரம்பு வைக்கின்றன: கட்டணத்தைப் போல் பத்து மடங்கு; அதுவும் அறிவித்த சரக்கு மதிப்பைத் தாண்டாது. மேலே சொன்ன 1,500 வந்தது இப்படித்தான். கூடுதல் மதிப்பை அறிவித்து, அதற்குரிய கூடுதல் கட்டணத்தைக் கட்டினால்தான் வரம்பு உயரும். எல்.ஆர். எனப்படும் லாரி ரசீதில் ‘ஓனர் ரிஸ்க்’, ‘கேரியர் ரிஸ்க்’ என்று கட்டம் இருப்பதன் பொருள் இதுதான்.

வழக்குப் போடுவதென்றால் பார்சல் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் போக்குவரத்து நிறுவனத்துக்கு எழுத்துமூலம் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். போன் பேச்சு இதற்கு ஈடாகாது.

கையெழுத்திட்ட ரசீது எவ்வளவு வலிமையானது என்பதை உச்ச நீதிமன்றம் 1996-இல் காட்டியது. பாரதி நிட்டிங் கம்பெனி என்ற பின்னலாடை நிறுவனம் 1990-இல் ஜெர்மனிக்கு அனுப்பிய ஏற்றுமதி ஆவணங்கள் டி.எச்.எல். கூரியரில் போய்ச் சேரவில்லை. நகல்கள் போவதற்குள் கோடைப் பருவம் முடிந்துவிட்டதால் வாங்கியவர் விலையைக் குறைத்தே கொடுத்தார். மாநில ஆணையம் நாலு லட்சத்துக்கு மேல் இழப்பீடு கொடுத்தது. தேசிய ஆணையமோ ரசீதின் நிபந்தனைப்படி 100 டாலர் போதும் என்றது; உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பொடி எழுத்தில் இருந்தாலும் கையெழுத்துப் போட்டவரை அது கட்டும்.

அஞ்சல் துறை தனி ரகம். 2007 சட்டம் அரசுக்குப் பொருந்தாது. ஸ்பீடு போஸ்ட்டில் பொருள் தொலைந்தால், கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது என்பதே நெடுங்காலமாக இருந்துவரும் வரம்பு. மதிப்புள்ள சரக்கென்றால் தபால் அலுவலகத்திலேயே இன்சூர் செய்து அனுப்பும் வழியைக் கேட்க வேண்டும்.

இன்சூரன்ஸ் எதைத் தாங்கும்?

கூரியர் பில்லில் ‘ரிஸ்க் சார்ஜ்’ என்று பிடிப்பது பெரும்பாலும் அந்த நிறுவனம் தன் பொறுப்பைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வதற்கான கட்டணம். அது காப்பீட்டு நிறுவனம் தரும் பாலிசி ஆகாது. பாலிசி எண் என்ன, தருவது யார் என்று கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

உள்நாட்டுப் பயணத்துக்கான பாலிசிகள் ஏ, பி, சி என்று மூன்று வகை. ‘ஏ’ விலக்கப்பட்டவை தவிர எல்லா ஆபத்தையும் தாங்கும். ‘பி’ தீ, மின்னல், பாலம் உடைதல், வண்டி மோதல், கவிழ்தல் போன்ற பெயர் சொன்ன ஆபத்துகளை மட்டும். ‘சி’ தீயும் மின்னலும்தான். பார்சல் தொலைவதற்கும் திருட்டுக்கும் பயந்து இன்சூரன்ஸ் எடுப்பவர் ‘பி’ எடுத்தால் பயனில்லை. மாதம் பல பார்சல் அனுப்புபவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனியாக எடுக்காமல், ஆண்டு முழுவதற்கும் திறந்த பாலிசி எடுத்து அனுப்பியதை அவ்வப்போது அறிவிக்கலாம்.

‘ஏ’ எடுத்தாலும் மூன்று விஷயங்கள் வெளியே நிற்கும். ஒன்று, தாமதம். இரண்டு, போதாத பேக்கிங். மூன்று, சரக்கின் இயல்பிலேயே உள்ள கேடு. பன்னீர் திராட்சை நான்காவது நாள் குழைந்தாலோ பெரியகுளம் மாம்பழம் வழியில் அழுகினாலோ கிளைம் பெரும்பாலும் தள்ளுபடியாகும். பல கூரியர்கள் அழுகும் பொருளை ஏற்பதே இல்லை. ஏலக்காய்க்கு முக்கியம் இரண்டாவது. தென்மேற்குப் பருவத்தில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்தால், உள்ளே காற்றுப்புகாத பை, வெளியே கனமான அட்டைப்பெட்டி இருந்ததற்குப் படம் இல்லையென்றால், பேக்கிங் குறை என்று எழுதிவிடுவார்கள்.

கிளைம் ஜெயிப்பது எப்படி?

பேக்கிங் மேசையிலேயே வேலை தொடங்குகிறது. சரக்கு, தராசில் எடை, பெட்டி ஒட்டுவது, ஏ.டபிள்யூ.பி. எண் (கூரியரின் கண்காணிப்பு எண்) உள்ள லேபிள் எல்லாம் ஒரே வீடியோவில், வெட்டாமல் பதிவாகட்டும். பெட்டியின் நீள அகல உயரத்தையும் அளந்து படமெடுக்கலாம். கன அளவைச் சென்டிமீட்டரில் 5,000-ஆல் வகுத்து வருவதை எடையாகக் கொள்வது பல கூரியர்களின் வழக்கம். 30×20×15 பெட்டியில் ஒரு கிலோ ஏலக்காய் வைத்தாலும் 1.8 கிலோவுக்குக் கட்டணம் வரும். அளவுத் தகராறிலும் அதே படம் உதவும்.

சேதம் தெரிந்தவுடன், வாங்கியவர் பெட்டியைப் பிரிக்கும் முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். டெலிவரி ரசீதில் ‘பெட்டி நசுங்கியது’ என்று குறிக்கச் சொல்வது இன்னும் நல்லது. அன்றே கூரியருக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் போக வேண்டும். பில், ரசீது, படங்கள், கூரியர் தரும் சேதச் சான்று, கூரியருக்கு அனுப்பிய கிளைம் கடிதம் ஆகியவற்றை இன்சூரன்ஸ் நிறுவனம் கேட்கும். திருட்டென்றால் போலீஸ் புகாரும் வேண்டும்.

கூரியருக்கு ஏன் தனியாகக் கடிதம்? திண்டுக்கல் நுகர்வோர் மன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வரை போன வழக்கு இதற்கு விடை சொல்கிறது. 1995 அக்டோபரில் சரண் ஸ்பின்னிங் மில்ஸ் கல்கத்தாவுக்கு அனுப்பிய சுமார் 7.7 லட்சம் ரூபாய் நூல், லாரி விபத்தில் பாழானது. இன்சூரன்ஸ் நிறுவனம் சுமார் 4.47 லட்சம் கொடுத்துவிட்டு, மில்லின் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு, மில்லோடு சேர்ந்து லாரி நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. அது செல்லும் என்று 2010 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுத்த பணத்தைப் போக்குவரத்து நிறுவனத்திடம் வசூலிக்கப் பார்க்கும். நோட்டீஸ் அனுப்பாமல் அந்த வாய்ப்பை நாம் கெடுத்தால், நம் கிளைமில் கை வைக்க அதற்குக் காரணம் கிடைத்துவிடும்.

மறுத்தால் எங்கே போவது?

வியாபாரத்துக்காகப் பெறும் சேவையை நுகர்வோர் சட்டம் விலக்குகிறது. எனவே கூரியருக்கு எதிராகத் தேனி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகும் விற்பனையாளர் ‘நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்ற எதிர்வாதத்தைச் சந்திக்க நேரும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எதிராக நிலைமை வேறு. நட்டத்தை ஈடுகட்டவே இன்சூரன்ஸ், லாபம் பார்க்க அல்ல என்று 2023 ஏப்ரலில் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதால், வியாபாரியும் நுகர்வோராக வாதாட வழி பிறந்தது. வழக்குக்கான காரணம் எழுந்த இரண்டு ஆண்டுக்குள் ஆணையத்துக்குப் போக வேண்டும். தனியுரிமைக் கடைகளும் குறுந்தொழில்களும் கட்டணமில்லாமல் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனையும் நாடலாம். முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுத்து ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

பெரிய தளங்களில் விற்பவருக்குத் தனி வழி உண்டு. அமேசானில் சேஃப்-டி கிளைம், ஃபிளிப்கார்ட்டில் விற்பனையாளர் பாதுகாப்பு நிதி. காலி பெட்டியோ வேறு பொருளோ திரும்பி வந்தால் அங்கே முறையிடலாம். கெடு குறுகியது, அடிக்கடி மாறவும் செய்யும். வந்த ரிட்டர்னை அன்றே, வீடியோ ஓடும்போதே பிரித்துப் பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

வரியிலும் நட்டம் ஒளிந்திருக்கிறது

ரீஃபண்டு கொடுத்தால் ஜி.எஸ்.டி.யில் கிரெடிட் நோட் போட்டு, கட்டிய வரியைச் சரிக்கட்டலாம். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 கடைசி நாள். ஆனால் சரக்கு தொலைந்தாலோ அழிந்தாலோ, அதை வாங்கும்போது எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்ப வேண்டும். 5,000 ரூபாய்க்கு வாங்கிய ஏலக்காய்க்கு 5 சதவீதம் என்றால் 250 ரூபாய். கிளைமில் இதையும் சேர்த்துக் கேட்க மறந்துவிடக் கூடாது.

எல்லாப் பார்சலுக்கும் இன்சூரன்ஸ் தேவையா?

கட்டணத்தைப் பத்தால் பெருக்கிச் சரக்கின் விலையோடு ஒப்பிடுங்கள். 100 கிராம் ஏலக்காய், ஒற்றைப் பருத்திச் சேலை போன்றவற்றில் விலை அதற்குள் அடங்கினால் தனி பிரீமியம் வீண். வழியில் போகும் ஒன்றிரண்டு பார்சலின் செலவை விலையிலேயே சேர்த்துவிடலாம். விலை அதைத் தாண்டினால் மதிப்பை எழுதிக் கூடுதல் கட்டணம் கட்டுங்கள், அல்லது ‘ஏ’ வகைத் திறந்த பாலிசி எடுங்கள். திராட்சைக்கும் மாம்பழத்துக்கும் இந்த இரண்டுமே பெரிதாக உதவாது. ஒரே இரவில் பஸ் பார்சலில் போய்ச் சேரும் ஊர்களுக்கு மட்டும் ஆர்டர் எடுப்பதுதான் அவற்றுக்குக் காப்பீடு.