பழைய கிதாரின் விலையும் ஈட்டி மரத்தின் எதிர்காலமும்

புது தில்லி: பழைய கிதார் ஒன்றின் மதிப்பை நிர்ணயிப்பது அதன் நாதம் மட்டுமல்ல. எந்த ஆண்டில், எந்த மரத்தால் செய்யப்பட்டது என்பதே முதல் கேள்வி. அந்தக் கேள்விக்கான விடையில் இந்தியக் காடுகளுக்கும் இடமுண்டு.

அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் தனது புகழ்பெற்ற டி-28 ரக கிதாரின் பின்பலகையையும் பக்கங்களையும் பிரேசில் ரோஸ்வுட் மரத்தால் செய்து வந்தது. அம்மரத்தை வெளிநாடுகளுக்கு அனுப்ப பிரேசில் அரசு கட்டுப்பாடு விதித்தது. இதையடுத்து 1969-ல் அந்நிறுவனம், நமது மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரத்துக்கு மாறியது. இன்று அந்த ஆண்டே சேகரிப்பாளர்களுக்கு எல்லைக்கோடு. அதற்கு முற்பட்ட கருவிக்குத்தான் விலை அதிகம்.

கிதாரின் உட்புறத்தில் பொறிக்கப்பட்டுள்ள வரிசை எண், தயாரித்த ஆண்டைக் காட்டிக் கொடுக்கும். பழைய வார்னிஷை அகற்றிப் புதிதாகப் பூசியிருந்தால் மதிப்பு கணிசமாகக் குறைந்துவிடும். எண்ணிக்கையும் முக்கியம். 1933 முதல் 1942 வரை 91 மட்டுமே தயாரான டி-45 ரகம், பல லட்சம் டாலருக்கு விலைபோகிறது.

ஆனால், விலை இருந்தாலும் விற்பது எளிதல்ல. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' சர்வதேச உடன்படிக்கை, 1992-ல் பிரேசில் ரோஸ்வுட்டைத் தனது மிகக் கடுமையான பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பே பெறப்பட்ட மரம் என்பதற்குச் சான்றிதழ் இல்லாவிட்டால், எத்தனை அரிய கிதாரும் நாட்டின் எல்லையைச் சட்டப்படி தாண்ட முடியாது.

2017-ல் ஈட்டி உள்ளிட்ட, அதே பேரினத்தைச் சேர்ந்த மரங்கள் அனைத்தும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இசைக் கருவித் தயாரிப்பாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2019-ல் ஜெனீவாவில் நடைபெற்ற மாநாடு, முழுமையாகச் செய்து முடிக்கப்பட்ட இசைக் கருவிகளுக்கு விலக்கு அளித்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் அச்சலுகை கிடைக்கவில்லை. இந்த உடன்படிக்கையின் விதிகளை உள்நாட்டுச் சட்டத்தில் இணைக்கும் வன உயிரினப் பாதுகாப்புத் திருத்த மசோதாவை இந்திய நாடாளுமன்றம் 2022-ல் நிறைவேற்றியது.

கட்டுப்பாடுகள் வணிகத்துக்கு இடையூறு என்ற வாதம் புதிதல்ல. ஆனால், பிரேசில் மரக் கிதார் இன்று இந்த விலைக்கு விற்கக் காரணம், அந்த மரம் காட்டில் அருகிப் போனதுதான். ஈட்டி மரமும் அழிவு அபாயத்துக்கு உள்ளாகக்கூடியதாக சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

நாளை அதனால் செய்த கிதாரும் லட்சக்கணக்கான டாலருக்கு ஏலம் போகலாம். அது நாம் பெருமைப்படத்தக்க செய்தியாக இராது.