சிவப்புச் சட்டைக்குத் திரும்பியவர்கள்

தென் ஆக்லாந்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் டோங்காக்காரர் வீடுகள் நிறைய. 2017 நவம்பரில் வேலி, கார், கடைவாசல் எங்கு பார்த்தாலும் சிவப்புக் கொடிதான். ரக்பி லீக் உலகக் கோப்பையில் நியூசிலாந்தோடு டோங்கா மோத இருந்தது. சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் தீவு நாடு அது. நியூசிலாந்தில் மட்டும் எண்பதாயிரம் டோங்கா வம்சாவளியினர் இருக்கிறோம் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் பெருமையாகச் சொல்வார்.

ஜேசன் டௌமலோலோ ஆக்லாந்தில் பிறந்தவர், பெற்றோர் டோங்காக்காரர்கள். நியூசிலாந்தின் நட்சத்திர ஆட்டக்காரராக இருந்தவர், அணியை அறிவிக்கும் தறுவாயில் டோங்காவுக்குப் போய்விட்டார். ஆஸ்திரேலியாவுக்கு ஆடிய ஆண்ட்ரூ ஃபிஃபிடாவும் அப்படியே. பெரிய அணிகள் தரும் கூடுதல் ஆட்டச் சம்பளத்தை உதறிவிட்டு வந்தவர்கள் இவர்கள். இங்கே சிலர் அதைத் துரோகம் என்றபோது எனக்கு மனம் கொதித்தது. பாட்டனின் ஊருக்காக ஆடுவது எப்படித் துரோகமாகும்?

ஹாமில்டனில் நடந்த அந்த ஆட்டத்தில் இடைவேளையின்போது 2–16 எனப் பின்தங்கியிருந்த டோங்கா, 28–22 என்று வென்றது. 2019இல் ஆஸ்திரேலியாவையே 16–12 என வீழ்த்தியது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து ஆகிய மூன்றில் ஒன்றுக்கு ஆடியவர்கள் தங்கள் பூர்விகச் சிறுநாட்டுக்கும் ஆட லீக் விதி இடம் தந்ததால் வந்த வெற்றிகள் இவை.

பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியனில் நிலைமை வேறு. ஒரு நாட்டுக்கு ஆடிவிட்டால், பிறகு வேறு நாட்டுக்கு ஆடுவது ஏறக்குறைய முடியாத காரியமாக இருந்தது. 2022 ஜனவரியில்தான் கதவு திறந்தது: ஒருவர் மூன்று ஆண்டுகள் சர்வதேச ஆட்டம் ஆடாதிருந்தால், தான், பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி பிறந்த நாட்டுக்கு ஒரே ஒருமுறை மாறலாம்.

டோங்காவின் ஹாபாய் தீவுக்கூட்டத்தில் பிறந்த மலாகாய் ஃபெகிடோவா, 2015இல் நியூசிலாந்தோடு உலகக் கோப்பை வென்றவர். 2023 உலகக் கோப்பையில் டோங்காவுக்கு ஆடினார். அப்போது அவருக்கு வயது 31. அயர்லாந்திடம் டோங்கா 16–59 என்று தோற்றது. அந்தத் தொடரில் ருமேனியாவை மட்டுமே வெல்ல முடிந்தது.

மூன்றாண்டுக் காத்திருப்பு நீளமானது என்பதே என் எண்ணம். உடல் முறுக்கேறியிருக்கும் வயது பெரிய நாட்டுக்கு, தேய்ந்த முழங்கால் தாய்நாட்டுக்கு என்று பங்கு பிரிகிறது. அதை ஓராண்டாக்கினால் 26, 27 வயதுக்காரர்களும் டோங்காவுக்காக ஆட வருவார்கள். பெரிய அணிகளும் டோங்காவின் தலைநகர் நுகுஅலோஃபாவுக்கு வந்து ஆடி, நுழைவுச்சீட்டு வருமானம் அந்த ஊரிலேயே தங்க வழிசெய்ய வேண்டும்.