வான்வழித் தூரமும் பயண நேரமும்

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு ஊரிலிருந்து அவசரச் செய்தி வந்தால், 'விமானத்தில் போனால் எத்தனை மணி நேரம்?' என்னும் கேள்வியே முதலில் எழுகிறது. நேயர்களே, வான்வழித் தூரம் வேறு; பயண நேரம் வேறு. இவ்வேறுபாட்டை, 2022 ஏப்ரல் வரை ஒரே மாவட்டத்தில் இருந்த சித்தூர், திருப்பதி ஆகிய இரு ஊர்களைக் கொண்டு ஆராய்வோம்.

வான்வழித் தூரம் என்பது, பூமியின் வளைந்த பரப்பின்மீது இரண்டு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளமாகும். சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே அது சுமார் 57 கிலோமீட்டர். சாலை வழியே ஏறத்தாழ 70 கிலோமீட்டர்.

மணிக்கு 500 கிலோமீட்டர் வேகமுள்ள சிறு விமானம் இத்தூரத்தை ஏழே நிமிடங்களில் கடக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. நடைமுறை அவ்வாறன்று. விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், உயரே ஏறவும், காற்றின் திசைக்கேற்பத் திரும்பி இறங்கவும் நேரம் வேண்டும். தூரம் குறையக் குறைய இந்நேரமே பயணத்தின் பெரும்பகுதியாகிவிடுகிறது. மேலும், சித்தூரில் பயணிகள் விமான நிலையம் இல்லை. திருப்பதியின் விமான நிலையமோ ஊருக்கு வெளியே ரேணிகுண்டாவில் உள்ளது.

அப்படியாயின் குறுந்தூர விமானம் எங்குமே பயன்படாதா? பயன்படும். ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில், மூன்று கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்தை இரண்டே நிமிடங்களில் கடக்கும் விமானப் போக்குவரத்து 1967 முதல் நடைபெறுகிறது. அங்கே இடையில் கடல் குறுக்கிடுகிறது. இங்கோ நல்ல சாலை இருக்கிறது.

இனி, நம் கணக்கிற்கு வருவோம். ஐதராபாத்திலிருந்து ரேணிகுண்டா வான்வழியே சுமார் 415 கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மணி. விமான நிலையத்திற்குச் செல்லும் நேரம், அங்கே காத்திருக்கும் நேரம், ரேணிகுண்டாவிலிருந்து சித்தூருக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் சாலைப் பயணம் ஆகியவற்றையும் கூட்டினால் ஐந்தாறு மணி நேரம் ஆகும். இரவு முழுவதும் ரயிலில் செல்வதைவிட இது விரைவே.

பெங்களூரில் இருப்பவரின் நிலை வேறு. அவர் ரேணிகுண்டாவுக்குப் பறப்பாராயின், சித்தூரைக் கடந்து கிழக்கே சென்று இறங்கி, மீண்டும் மேற்கே திரும்ப வேண்டும். சாலை வழியே புறப்பட்டால் சுமார் 180 கிலோமீட்டரில் சித்தூரை அடைந்துவிடலாம்.

ஆகவே, பயணச்சீட்டில் கண்ட நேரத்தை மட்டும் நோக்காது, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை ஆகும் நேரத்தையே நாம் கணக்கிட வேண்டும். நோயுற்ற தாயின் படுக்கையருகே நம்மை முன்னதாகக் கொண்டு சேர்க்கும் வழி எதுவோ, அதுவே நமக்கு விரைவான வழி.