முட்டை உடம்பில் சேரும் வழி

சத்துணவு முட்டையின் வெள்ளைக்கருவைப் பிய்த்துத் தின்றுவிட்டு, மஞ்சள்கருவைக் கடைசி வாய்க்கென்று சோற்றோரம் ஒதுக்கி வைக்கும் பிள்ளைகளை நெய்வேலிப் பக்கத்துக் கம்மாபுரத்திலும் பார்க்கலாம். அந்த ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. ஆனால் விழுங்கிய புரதமெல்லாம் உடம்பில் சேர்ந்த புரதம் ஆகிவிடாது. நடுவே சிறுகுடல் இருக்கிறது.

இரைப்பையிலும் கணையநீரிலும் உள்ள நொதிகள் புரதத்தை அமினோ அமிலங்களாக நறுக்குகின்றன. இரண்டு மூன்று சேர்ந்த துணுக்குகளும் மிஞ்சும். சிறுகுடலின் உள்சுவர் முழுக்க விரல் விரலாய்க் குடலுறிஞ்சிகள். அவற்றைப் போர்த்திய செல்களின் சவ்வு கொழுப்பால் ஆனது. அமினோ அமிலம் தானாக அதைத் தாண்டாது. அதற்கென்று வாசல்போலக் கடத்திப் புரதங்கள் உண்டு. செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே குறைவு. உள்ளே பாயும் சோடியம் அமினோ அமிலத்தையும் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது.

உள்ளே சோடியம் சேர்ந்துவிட்டால்? நெய்வேலிப் பக்கத்தாருக்கு இதைச் சொல்வது சுலபம். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை ராப்பகலாக இறைத்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். செல்லின் பின்பக்கச் சவ்விலும் அப்படியொரு பம்பு ஓய்வில்லாமல் ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. அது நின்றால், வாசல் இருந்தும் அமினோ அமிலம் வராது.

துணுக்குகளுக்கு வேறு வாசல். அங்கே இழுப்பது ஹைட்ரஜன் அயனி. உள்ளே வந்ததும் பெரும்பாலும் அவை தனித்தனி அமிலங்களாக உடைகின்றன. குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தில் கணிசமான பங்கைச் செல்லே எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. மற்றவை பின்பக்க வாசல்கள் வழியே ரத்தத்தில் இறங்கிக் கல்லீரலுக்குப் போகின்றன.

இந்த இரட்டை வழியின் அருமையைக் காட்டியது ஹார்ட்னப் நோய். 1956இல் லண்டனில் ஒரு குடும்பத்தில் அதைக் கண்டறிந்தார்கள். பரம்பரைக் குறையால் ஒருவகை அமினோ அமில வாசல் பழுதாகி, ட்ரிப்டோஃபான் போன்ற அமினோ அமிலங்கள் சரியாக உள்ளே வராது. வெயில் பட்டால் தோல் தடிக்கும், சிலருக்கு நடை தள்ளாடும். ஆனாலும் பெரும்பாலோர் புரதப் பஞ்சத்தில் வாடுவதில்லை. துணுக்கு வாசல் கைகொடுக்கிறது.

குடலுறிஞ்சியே தேய்ந்தால் எந்த வாசலும் உதவாது. 1960களில் வேலூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற நோய் பரவியது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். நோயாளிகளின் குடலுறிஞ்சிகள் மழுங்கிப்போயிருந்தன. அசுத்தத் தண்ணீரால் திரும்பத் திரும்பக் கிருமி தொற்றும் குழந்தைகளின் குடலிலும் இந்த மழுங்கல் உண்டு. முட்டைக் கணக்கைக் கேட்கும் நாம் பள்ளித் தண்ணீர்த் தொட்டியை எப்போது கழுவினார்கள் என்று கேட்பதில்லை. அது எனக்கு வருத்தம்தான். குடல் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளில் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. கிருமி ஓயும் இடைவெளி கிடைத்தால் குடலுறிஞ்சி மீண்டும் நிமிரத் தொடங்கும்.