சுவராஜ் தீவா, திக்லிபூரா? அந்தமானின் வடதிசைப் பயணத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சென்ற மார்கழியில், எமது கிளை ஒன்றுக்கு ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர் தம் மனைவியுடன் வந்திருந்தார். ஐந்தாண்டுகளாகத் தவறாமல் செலுத்திவந்த தொடர் வைப்பு அன்றுதான் முதிர்வடைந்திருந்தது. அந்தத் தொகையைக் கொண்டு அந்தமானுக்குச் செல்வது என்று இருவரும் முடிவுசெய்துவிட்டனர். அந்தமானில் எங்கே என்பதில்தான் கருத்து வேறுபாடு. "சேடில் சிகரம், உயரம் 732 மீட்டர் என்று முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஒருமுறை கூடக் கண்ணால் பார்த்ததில்லை" என்றார் ஆசிரியர். "எனக்கு முழங்கால் வலி. கடற்கரையில் அமைதியாக அமர ஓர் இடம் கிடைத்தால் போதும்" என்றார் அம்மையார். அவருடைய மனத்தில் இருந்தது சுவராஜ் தீவு; ஆசிரியரின் மனத்தில் இருந்தது திக்லிபூர்.

வசதி படைத்த வெளிநாட்டவர் கப்பலேறி நார்வேயின் கடற்கழிகளைக் காண்பதா, அலாஸ்காவின் பனியாறுகளைக் காண்பதா என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. நமக்கு அத்தகைய கேள்வி வங்கக் கடலிலேயே எழுகிறது. ஸ்ரீ விஜயபுரம் என்று 2024 செப்டம்பரில் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயரிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்படுவோர் முன் இவ்விரண்டு வழிகளும் நிற்கின்றன. நாளும் பணமும் அளவாக உள்ளவர்கள் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க இயலும். எதனைக் கொண்டு தேர்ந்தெடுப்பது என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

இரண்டு இடங்களும் எத்தகையவை?

சுவராஜ் தீவு, ரிச்சி தீவுக்கூட்டத்தின் மிகப்பெரிய தீவு. 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலத் தளபதி ஹேவ்லாக்கின் பெயரை நெடுங்காலம் சுமந்திருந்தது. நேதாஜி 1943 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேயரில் கொடியேற்றியதன் 75ஆம் ஆண்டு நிறைவில், அதாவது 2018 டிசம்பர் 30 அன்று, அதற்குப் புதிய பெயர் அறிவிக்கப்பட்டது. இன்று அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர், 1950களில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்து குடியேற்றப்பட்ட வங்காளிகளின் வழித்தோன்றல்கள். மேற்கு நோக்கிய ராதாநகர் கடற்கரை சூரியன் மறைவதைக் காண்பதற்கு உரியது. 2020ஆம் ஆண்டில் நீலக்கொடிச் சான்று பெற்றது. கிழக்கு நோக்கிய காலாபத்தர் கரையில் சூரியோதயத்தைக் காணலாம். பவளப் பாறைகளுக்கிடையே மூழ்கிப் பார்க்க விரும்புவோருக்குப் பயிற்சியாளர்களும் கருவிகளும் கிடைக்கும் தீவு இது.

திக்லிபூர், வடக்கு அந்தமானின் முக்கிய ஊர். நெல்வயல்களும் பாக்குத் தோட்டங்களும் சூழ்ந்த உழவர் பூமி. அந்தமான் நிக்கோபாரிலேயே மிக உயரமான சேடில் சிகரம் அதன் அருகில், கடலோரத்திலிருந்தே எழுந்து நிற்கிறது. ஏரியல் பே படகுத்துறையிலிருந்து சிறு படகில் சென்றால் ராஸ், ஸ்மித் என்னும் இரட்டைத் தீவுகளை அடையலாம். இரு தீவுகளையும் வெண்மணல் திட்டு ஒன்று இணைக்கிறது. இருபுறமும் சுற்றிவரும் அலைகள் நடுவில் சந்தித்து வேகம் இழக்கும்போது, சுமந்துவந்த மணலை அங்கேயே விட்டுச் செல்வதால் இத்தகைய திட்டுகள் உருவாகின்றன. காலிப்பூர் கடற்கரையில், குளிர்கால மாதங்களில் கடலாமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன.

சென்று சேரும் வழி

வேறுபாடு பெரிதாகத் தெரிவது இங்கேதான். சுவராஜ் தீவு, ஸ்ரீ விஜயபுரத்திற்கு வடகிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தனியார் விரைவுப் படகுகள் இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே கொண்டு சேர்க்கின்றன. அரசுப் படகுகள் சற்றுக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். கட்டணம் வெகு குறைவு. ஆனால் அவை தீவுவாசிகளின் அன்றாடப் போக்குவரத்துக்காக இயங்குபவை, முன்னுரிமை அவர்களுக்கே. ஆகவே வெளியூர்ப் பயணிகள் அரசுப் படகை மட்டும் நம்பித் திட்டமிடுவது உசிதமன்று.

திக்லிபூருக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அந்தமான் பெருவழிச் சாலை. 300 கிலோமீட்டர் அளவிலான தொலைவுதான். எனினும் ஒரு பகல் முழுவதும் செலவாகும். காரணம், சாலை ஜராவா பழங்குடியினரின் காப்புப் பகுதியின் ஊடாகச் செல்கிறது. ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியில் வாகனங்கள் ஒன்றுசேர்ந்து, குறித்த நேரங்களில் மட்டும், காவலுடன் வரிசையாகவே புறப்பட முடியும். முதல் வரிசையைப் பிடிக்க விடியலுக்கு முன்பே எழுந்தாக வேண்டும். அதன்பின் நீரிணையைக் கடந்து பாராடாங், ரங்கத், மாயாபந்தர் வழியே சென்று, ஆஸ்டின் நீரிணையின் மேலுள்ள செங்கப்பா பாலத்தைக் கடந்தால் வடக்கு அந்தமான்.

இச்சாலையைப் பற்றி ஒன்று கூறியாக வேண்டும். காப்புப் பகுதியில் வண்டியை நிறுத்துவது, ஜராவாக்களைப் படம் எடுப்பது, அவர்களுக்குத் தின்பண்டம் கொடுப்பது ஆகிய அனைத்தும் சட்டப்படி குற்றம். பழங்குடியினர் பாதுகாப்புக்கான ஒழுங்குமுறை 1956ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. காப்புப் பகுதியில் சாலையை மூடுமாறு உச்ச நீதிமன்றம் 2002இல் ஆணையிட்டதும், சாலை இன்றளவும் இயங்குவதும் நீண்ட விவாதத்திற்கு உரியவை. வெளியுலக நோய்களுக்குப் பழகாத சிறு மக்கள்கூட்டம் அது. அவர்கள் வாழிடத்தின் ஊடே செல்ல மனம் ஒப்பாதோர் கடல்வழியைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

அந்த இரண்டாவது வழி, ஏரியல் பே வரை செல்லும் அரசுக் கப்பல். பெரும்பாலும் இரவுப் பயணம். நாள்தோறும் இல்லை, எந்த நாளில் புறப்படும் என்பது சில நாள்களுக்கு முன்னரே உறுதியாகும். படுக்கை கிடைத்துவிட்டால் முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சாலையின் குலுக்கலைவிடக் கப்பல் நல்லது. ஆனால் ஏணிப்படிகளில் ஏறி இறங்க ஒருவர் துணை வேண்டும்.

பருவமும் பொழுதும்

தென்மேற்குப் பருவமழை, நாட்டில் முதலில் கால் பதிப்பது இத்தீவுகளில்தான்; மே மாதத்தின் மூன்றாம் வாரத்திலேயே வந்துவிடும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் வங்கக் கடலில் புயல்கள் உருவாகும். ஆகவே ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும் மாதங்களே இரு பயணங்களுக்கும் ஏற்றவை. ஆமைகளைக் காண விரும்புவோர் பிப்ரவரிக்கு மேல் தாமதிக்கலாகாது.

மற்றொன்று, பொழுது. தீவுகள் நமக்கு வெகு கிழக்கே இருந்தும் கடிகாரம் ஒன்றே. டிசம்பரில் மாலை ஐந்து மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். நம் ஊர்ப் பழக்கத்தில் காலை பத்து மணிக்குப் புறப்பட்டால் அரை நாள் வீணாகிவிடும். இரட்டைத் தீவுகளுக்குச் செல்வோர் கடல் ஏற்ற இறக்கத்தையும் கேட்டறிய வேண்டும். கடல் வற்றும் வேளையில்தான் மணல்திட்டில் நடந்து கடக்கலாம். அந்த வேளை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும்.

எத்தனை நாள், எவ்வளவு கையிருப்பு?

சுவராஜ் தீவுக்கு, செல்லுலார் சிறையைக் காணும் நாளையும் சேர்த்து, ஐந்து நாள்கள் போதும். திக்லிபூருக்கு ஒன்பது நாள்கள் வேண்டும் என்பது எங்கள் கணக்கு: வந்திறங்கவும் ஓய்வுக்கும் இரண்டு நாள், ரங்கத்தில் ஓரிரவு தங்கிச் செல்ல இரண்டு நாள், திக்லிபூரில் இரண்டு நாள், திரும்பி வர ஒரு நாள், விமானத்திற்கு முன் ஒரு நாள் இருப்பு, ஒன்பதாம் நாள் விமானம்.

அந்த "இருப்பு நாள்" ஆடம்பரம் என்று எவரும் எண்ண வேண்டாம். காற்று எழுந்தால் படகுகள் நிறுத்தப்படும். அது பயணிகளின் பாதுகாப்புக்கே. தீவிலிருந்து திரும்பும் அதே நாளில் சென்னைக்கு விமானச் சீட்டு எடுத்தவர்கள் இரட்டிப்புச் செலவுக்கு ஆளாவது இப்படித்தான். இது இரு இடங்களுக்கும் பொருந்தும்.

செலவை மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுமாறு வாடிக்கையாளர்களுக்குக் கூறிவருகிறோம். முதற்பகுதி, முன்கூட்டியே செலுத்த வேண்டிய விமான, படகுக் கட்டணங்களும் தங்குமிடமும். இரண்டாம் பகுதி, அங்கு அன்றாடம் ஆகும் செலவு. மூன்றாம் பகுதி, இரண்டு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் வேண்டிய தொகை; இதனைத் தொடாமல் திரும்பக் கொண்டுவருவதே நோக்கமாக இருக்க வேண்டும். சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடி இழை வடம் 2020 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கிய பின் தீவுகளில் இணையத் தொடர்பு வெகுவாக மேம்பட்டிருக்கிறது. சுவராஜ் தீவும் அவ்வடத்தில் இணைக்கப்பட்டதே. ஆயினும் கைப்பேசி வழிப் பணப்பரிமாற்றத்தையே முற்றிலும் நம்பாமல், ரொக்கத்தை ஸ்ரீ விஜயபுரத்திலேயே எடுத்துக்கொள்வது நலம். திக்லிபூர்ப் பயணத்திற்கு இது கட்டாயம் என்றே கூறுவோம்.

பயணக் காப்பீடு எடுப்போர், கடலில் மூழ்கும் விளையாட்டுகள் அதில் அடங்குமா என்று படித்துப் பார்க்க வேண்டும். மத்திய அரசு ஊழியர்கள் விடுமுறைப் பயணச் சலுகையில் செல்வதாயின், நடப்பு விதிகளைத் தம் அலுவலகத்தில் உறுதிசெய்துகொண்ட பின்னரே சீட்டு எடுக்க வேண்டும். அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகளைப் பயண நாள்களுக்கு மேல் ஒரு வாரத்திற்குச் சேர்த்துக் கொண்டுசெல்ல வேண்டும். பெரிய மருத்துவமனை இருப்பது தலைநகரில்தான். அவசரம் என்றால் சுவராஜ் தீவிலிருந்து சில மணி நேரத்தில் சென்றடையலாம், திக்லிபூரிலிருந்து அவ்வாறு இயலாது. உப்புநீர் முதலைகள் வாழும் கடலோரம் ஆதலால் எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் நீரில் இறங்கலாகாது. பவளத் துண்டுகளை நினைவுப் பொருளாக எடுத்துவருவதும் குற்றமே.

யாருக்கு எது?

சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்திற்கும், ஒரு வாரத்திற்குள் திரும்பியாக வேண்டியவர்களுக்கும், உடல்நிலை காரணமாக மருத்துவரின் அண்மை தேவைப்படுவோருக்கும் சுவராஜ் தீவே ஏற்றது. நாள்கள் கையில் உள்ளவர்களுக்கும், எளிய தங்குமிடத்தில் மனநிறைவு கொள்வோருக்கும், காட்டையும் ஆமையையும் காண விரும்புவோருக்கும் திக்லிபூர்.

அறுபதைக் கடந்தவர்களுக்கு மட்டும் இன்னொரு அளவுகோலையும் கூறுவோம். "இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று எதனை ஒத்திவைக்கலாம், எதனை ஒத்திவைக்க இயலாது என்று எண்ணிப் பாருங்கள். சுவராஜ் தீவின் இரண்டு மணி நேரப் படகுப் பயணத்தை எழுபத்தைந்து வயதிலும் மேற்கொள்ளலாம். திக்லிபூரின் தொலைவு ஆண்டுக்கு ஆண்டு நமக்குக் கூடிக்கொண்டே போகும். மருத்துவர் தடைசொல்லாத வரையில், கடினமானதை முதலில் முடித்துவிடுவதே சிக்கனம்.

இதனை அந்தத் தம்பதியரிடமும் கூறினோம். ஆசிரியர் தயங்கினார், மனைவியின் முழங்காலைப் பற்றியே பேசினார். முடிவெடுத்தவர் அம்மையார்தான். "மலையில் நான் ஏற வேண்டாமே. அடிவாரத்தில் கடற்கரை இருக்கிறதல்லவா? நான் அங்கே அமர்ந்திருக்கிறேன்" என்றார். மருத்துவரைக் கண்டு, நாளைக் கூட்டி, பிப்ரவரியில் புறப்பட்டனர்.

பங்குனியில் கணக்குப் புத்தகத்தைப் பதிவு செய்துகொள்ள இருவரும் வந்தனர். ஆசிரியரும் சிகரத்தில் ஏறவில்லையாம். காலிப்பூர் மணலில் மனைவியின் அருகிலேயே அமர்ந்திருந்தாராம். காலையில் மலையை மேகம் மூடியிருந்தது. பத்து மணிக்கு மேல்தான் விலகியது. "732 மீட்டர் என்று எழுதுவது எளிது" என்று மட்டும் கூறினார். பிறகு சிறு தொகையில் புதிதாக ஒரு தொடர் வைப்புத் தொடங்க வேண்டும் என்று படிவம் கேட்டார். அது சுவராஜ் தீவுக்காக என்றார் அம்மையார்.