ஒரு பட்டன் சொன்ன கதை

கேமில் கதை என்றாலே நடுநடுவே ஓடும் கட்-சீன்தான் என்று நினைத்திருந்தேன். அதை ஸ்கிப் பண்ணுகிற ஆள் வேறு நான். 2013இல் வந்த 'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்' அந்த எண்ணத்தை மாற்றியது. இயக்கியவர் ஜோசப் ஃபாரெஸ், ஸ்வீடன் சினிமாக்காரர். ஆனாலும் வசனத்தை நம்பவில்லை. எல்லாரும் பேசுவது புரியாத ஒரு கற்பனை மொழி.

கன்ட்ரோலரில் இடது ஸ்டிக் அண்ணனுக்கு, வலது தம்பிக்கு. ஆளுக்கொரு பட்டன். அம்மா தண்ணீரில் மூழ்கியதைப் பார்த்த தம்பிக்கு நீச்சல் வராது. அண்ணன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் ஆற்றைக் கடப்பான்.

(இனி முடிவைச் சொல்லப் போகிறேன். விளையாட நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

அண்ணன் இறந்துவிடுகிறான். அதன்பிறகு நம் இடது கைக்கு வேலையே இல்லை. வீடு திரும்பும் வழியில் தண்ணீர் குறுக்கிடுகிறது. தம்பியின் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் இறங்க மாட்டேன் என்கிறான். வேறு வழி தெரியாமல் அண்ணனின் பட்டனை அழுத்தினேன். நீந்த ஆரம்பித்துவிட்டான்!

புரோகிராமாகப் பார்த்தால் ஒரு இஃப் கண்டிஷன், அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன் சில மணி நேரம் 'இந்த விரல்தான் அண்ணன்' என்று நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். சினிமாவாக இருந்தால் அந்த இடத்தில் அண்ணன் முகத்தை ஃபிளாஷ்பேக்கில் காட்ட வேண்டியிருக்கும். இங்கே அது தேவைப்படவில்லை. கரையேறிய பிறகு, தம்பியால் தனியாக அசைக்க முடியாத நெம்புகோல் ஒன்று வருகிறது. அதற்கும் அதே பட்டன்தான்.